முதலில் வேட்டி, கடைசியில் ஷார்ப்னஸ்

கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்த உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது மணமக்கள் முகத்தை அல்ல, வேட்டியை. மண்டபத்தில் மஞ்சள் பல்பு, மேடையில் வீடியோக்காரரின் எல்இடி, பின்னால் ஊதா அலங்கார விளக்கு, எல்லாம் ஒரே முகத்தில் விழும். எதை நம்புவது? ஒயிட் பேலன்ஸ் பிப்பெட்டை, அதாவது 'இதுதான் வெள்ளை' என்று மென்பொருளுக்குக் காட்டும் கருவியை, வெள்ளைத் துணியில் வைத்துவிடுவேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி ஆகாது, அது சந்தன நிறம். பக்கத்தில் நிற்கும் மாமாவின் பருத்தி வேட்டிதான் சரி. அதிலும் வெளிச்சத்தில் வெளுத்துப்போன இடத்தை விட்டு, மடிப்பின் லேசான நிழலில் சொடுக்க வேண்டும். சொட்டு நீலம் தூக்கலாகப் போட்ட வேட்டி என்றால் படம் கொஞ்சம் மஞ்சளடிக்கும்; கண்ணால் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்ப காலத்தில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். ஜேபெக்கை, அதாவது கேமரா சுருக்கித் தரும் படத்தை, நேராக ஃபோட்டோஷாப்பில் திறந்து, படம் மங்கலாக இருக்கிறதே என்று முதலில் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றினேன். அப்புறம் மஞ்சளை எடுக்கப் பார்த்தால், அரக்குக் கூரைப்புடவையில் சிவப்பு உச்சத்தில் முட்டி, மடிப்பெல்லாம் காணாமல் போயிருந்தது. "இது எங்க புடவையே இல்லையே தம்பி" என்றார் பெண்ணின் அம்மா. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் 14 பிட் ரா ஃபைலில் 16,384. ஜேபெக்கில் போனது போனதுதான்.

லைட்ரூம் என்ற மென்பொருளில் ரா ஃபைலைத் திருத்தினால் ஸ்லைடரை எந்த வரிசையில் நகர்த்தினாலும் கணக்கு ஒன்றுதான், மென்பொருள் தன் வரிசையில்தான் போட்டுக்கொள்ளும். ஆனால் நம் கண் அப்படி இல்லை. மஞ்சளான படத்தில் எது சரியான வெளிச்சம் என்று அதற்குத் தெரியாது. அதனால் நிறத்துக்குப் பிறகே எக்ஸ்போஷர் (மொத்த வெளிச்சம்), ஹைலைட் (வெளிச்சமான இடம்), ஷேடோ (நிழலான இடம்). நிழலை ஏற்றியதும் விடியற்காலை முகூர்த்தப் படங்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். அதை அப்போதே குறைத்துவிடுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஷார்ப்னஸை முந்தவிட்டால் அந்தப் புள்ளிகளும் சேர்ந்து கூர்மையாகும், பிறகு எடுக்கவே வராது.

லென்ஸ் வளைவைச் சரிசெய்த பிறகு க்ராப். வளைவு நிமிரும்போது ஓரம் கொஞ்சம் நகரும். முகத்தில் பரு, சுவரில் தொங்கும் வயர் எல்லாம் அதற்கப்புறம். க்ராப்பை இறுக்காதீர்கள், ஆல்பம் டிசைனர் எப்படியும் இன்னும் கொஞ்சம் வெட்டுவார்.

ஷார்ப்னஸ் கடைசி, அதுவும் அளவைக் குறைத்த பிறகு. 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். வாட்ஸ்அப்புக்கு 2000 ஆக்கினால், முன்பு போட்ட ஷார்ப்னஸில் பாதி தெரியாமல் போய்விடும். நான் 2000 ஆக்கிவிட்டு, நூறு சதவீதத்தில் வைத்து, ஜரிகையைப் பார்த்துக்கொண்டே ஸ்லைடரை ஏற்றுவேன். நூல் தனித்தனியாகத் தெரிந்தால் போதும். ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஒரு படி இறக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.