உப்புவெளியிலிருந்து ஸ்னோ வழிக்கப் போகிறவர்களுக்கு

தங்கச்சியின் மகன் தை மாதம் கனடா போகிறான். ஒன்ராறியோவில், பாரி நகருக்கு வடக்கே, நான் பதினொரு குளிர்காலம் வேலை செய்த அதே கோழிப் பண்ணைக்கு. "ஒழுங்கையில் ஸ்னோ வழிக்க ஏ.ரி.வி. தருவார்களாம் மாமா. தம்பலகாமத்து வயலில் லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டினவனுக்கு அது ஒரு வேலையா?" என்று கேட்டான். ஏ.ரி.வி. என்பது நாலு தடித்த ரயர் போட்ட மோட்டார் சைக்கிள் மாதிரி; முன்னுக்கு ஒரு பிளேட் பூட்டி ஸ்னோவைத் தள்ளுவோம். எனக்கும் போன புதிதில் அந்த எண்ணம்தான் இருந்தது. மாசி மாதம் வரைக்கும் இருந்தது.

வயலில் மண்ணை மேட்டிலிருந்து எடுத்துப் பள்ளத்தில் போடுகிறோம். போட்ட மண்ணுக்கு அங்கே இடம் உண்டு. ஸ்னோவுக்கு அப்படி ஒரு பள்ளம் கிடையாது. இன்றைக்குத் தள்ளியது பங்குனி மட்டும் அதே இடத்தில் கிடக்கும். அடுத்த வாரம் வருவதற்கும் அதன் பக்கத்திலேயே இடம் தேட வேண்டும்.

எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். தெருவிலிருந்து பண்ணைக்குள் போகும் ஒழுங்கை 60 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம். ஒரு இரவில் 20 சென்ரிமீற்றர் விழுந்தால் 36 கனமீற்றர். புதிதாக விழுந்த ஸ்னோ கனமீற்றருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 3,600 கிலோ, அதாவது 72 மூடை சீமெந்து. ஈர ஸ்னோ என்றால் இன்னும் கூட. நமக்கு வாடைக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிவந்து கார்த்திகையில் கொட்டுகிறதே, அங்கே ஜோர்ஜியன் விரிகுடாவின் மேலால் வரும் குளிர்காற்று அதே வேலையைத்தான் செய்கிறது. நமக்கு மழை, அவர்களுக்கு ஸ்னோ. ஆகவே முழுதும் விழுந்து முடியட்டும் என்று படுத்துக் கிடக்காமல், 10, 15 சென்ரிமீற்றர் ஆனதும் ஒரு தரம் வழித்துவிடுங்கள்.

இனி பிளேட், ஸ்னோவைத் தள்ளும் அந்த அகலத் தகடு. ஏ.ரி.வி.யின் அகலம் ஏறக்குறைய 48 அங்குலம். பிளேட் 60 அங்குலமாவது இருக்க வேண்டும். ஏனென்றால் ஸ்னோவை ஓரத்துக்கு ஒதுக்கப் பிளேட்டைச் சரித்துத்தான் ஓட்டுவோம். 30 பாகை சரித்தால் 60 அங்குலம் 52 ஆகச் சுருங்கிவிடும். 48 அங்குலப் பிளேட்டை வாங்கினால் உங்கள் ரயரே வழிக்காத ஸ்னோவை மிதித்து இறுக்கிக்கொண்டு போகும். அதைப் பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. பிளேட்டின் தள்ளுசட்டம் வண்டியின் அடிவயிற்றில் பூட்டுகிற வகையாக இருந்தால் நல்லது. முன்பக்கக் கம்பியில் மட்டும் தொங்குகிறவை இடி தாங்காது.

பிளேட்டைத் தூக்கி இறக்குவது வின்ச், பற்றரியில் ஓடிக் கம்பியைச் சுற்றி இழுக்கும் உருளை. என் முதல் செலவு இதில்தான் வந்தது. பிளேட் உச்சிக்கு வந்த பிறகும் பொத்தானை அமத்திக்கொண்டே இருந்தேன், கம்பி அறுந்து பிளேட் தரையில் விழுந்தது. கால் அடியில் இருக்கவில்லை, கோணேசர் காப்பாற்றினார். தூக்கும்போது கண் பிளேட்டில் இருக்கட்டும், உச்சிக்குச் சற்று முன்பே விரலை எடுங்கள். உருக்குக் கம்பி அதே ஒரு முழத்தில் நாளுக்கு நூறு தரம் மடிந்து நைந்துபோகும். செயற்கை நார்க் கயிறோ பட்டியோ மாற்றிப் போடுவது மேல். வின்ச் பற்றரியையும் குடிக்கும். அதனால் எஞ்சினை முறுக்கிக்கொண்டு விட்டுவிட்டுத் தூக்குங்கள்.

பிளேட்டின் அடியில் இரண்டு பக்கமும் இரும்புப் பாதம் இருக்கும். கிறவல் ஒழுங்கை என்றால் அதைக் கீழே இறக்கி, பிளேட் தரையிலிருந்து அரை அங்குலம், ஒரு அங்குலம் மேலே நிற்கும்படி வையுங்கள். இல்லாவிட்டால் கிறவல் முழுவதையும் வாரிப் புல்லுக்குள் போட்டுவிட்டு, வெயில் காலத்தில் மண்வாரி கொண்டு திருப்பிப் பொறுக்க வேண்டும். தார், கொங்கிறீற் தரைக்கு அந்தக் கவலை இல்லை.

ஓட்டுவது சுலபம்தான். நாலு சக்கரத்துக்கும் இழுவை, லோ கியர், மனிதர் விறுக்காக நடக்கும் வேகம். ஹை கியரில் தள்ளினால் உள்ளே பெல்ற் வழுக்கிக் கருகும். ஸ்னோவுக்குள் போய் நின்று பிளேட்டை இறக்காமல், அதற்கு முன்பே இறக்கி உருண்டுகொண்டே நுழையுங்கள். பிளேட் எதிலாவது முட்டினால் முன்னுக்கு மடங்கிக்கொடுக்க ஸ்பிரிங் உண்டு. ஆனால் வேகமாகப் போனால் ஸ்பிரிங் மடங்குமுன் நீங்கள் கைபிடியின் மேல் மடங்கிவிடுவீர்கள். எனக்கு நெஞ்சில் ஒரு வாரம் நோ இருந்தது, ஸ்னோவுக்குள் புதைந்து கிடந்த ஒரு கல்லால்.

சக்கரம் சுழன்றால் ரயருக்குச் சங்கிலி போடுங்கள். பின்பக்கத் தட்டில் ஒரு மூடை மணலும் வைக்கலாம், தட்டு தாங்கும் அளவைப் பார்த்து. நிலாவெளிக் கடற்கரையில் காலால் உதைத்துத் தள்ளுகிற மணலை அங்கே கடையில் காசு கொடுத்து வாங்கினேன். அந்தக் கொடுமையை வேறு யாரிடம் சொல்வது?

எங்கே தள்ளுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் நடுவால் ஒரு தரம், பிறகு பிளேட்டைச் சரித்து இரு ஓரத்துக்கும். முதல் இரண்டு மூன்று ஸ்னோவுக்கு, தேவையே இல்லாவிட்டாலும், ஒழுங்கையின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் பின்னுக்குத் தள்ளுங்கள். நான் தள்ளவில்லை. விளிம்போடு விட்டேன், அடுத்தது அதன் மேல், அதற்கடுத்தது அதற்கும் மேல். ஒரு நாள் கழிந்தால் கரை இறுகிக் கருங்கல்லாகிவிடும், ஏ.ரி.வி. முட்டினால் ஏ.ரி.வி.தான் பின்னுக்குப் போகும். ஒவ்வொரு வழிப்பிலும் ஒழுங்கை அரை அடி குறுகி, மாசியில் கோழித்தீன் லொறி வாசலில் நின்றுவிட்டது. உள்ளே வர இடமில்லை. பெரிய இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கரையை உடைத்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் மோசம்.

காற்று வருகிற பக்கத்தில் உயரமாகக் குவிக்காதீர்கள். குவியலைத் தாண்டி வரும் காற்று தன்னிடமுள்ள ஸ்னோவைக் குவியலுக்குப் பின்னால் இறக்கும், அதாவது உங்கள் ஒழுங்கையில். காற்று போகிற பக்கத்தில் போடுங்கள். தெருவுக்குத் தள்ளவே கூடாது, ஒன்ராறியோவில் அது சட்டப்படி குற்றம். ஆனால் நகரசபை வண்டி தெருவை வழித்துப் போகும்போது உங்கள் வாசலில் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அதற்குச் சட்டம் இல்லைப் போல! அந்த வரம்பை நேரே மோதாமல், சரிவாக ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். கராஜ் கதவடியில் முன்னுக்குத் தள்ள இடமில்லை. பிளேட்டைக் கதவோடு இறக்கிப் பின்னுக்கு இழுத்துவந்து, பிறகு தள்ளுங்கள்.

பிளேட்டில் ஸ்னோ ஒட்டும். "தேங்காய் எண்ணெய் பூசலாமா?" என்றான் மருமகன். அது 24 பாகையிலேயே உறைந்துபோகும் பிள்ளாய். சிலிக்கன் ஸ்பிறே அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளேட்டை ஒரு பலகை மேல் இறக்கி வையுங்கள், வெறும் தரையோடு விட்டால் விடிய உறைந்து ஒட்டியிருக்கும். கராஜை மூடிக்கொண்டு எஞ்சினைச் சூடாக்க வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். முடுக்குவது பெருவிரலால் என்பதால் முதலில் விறைப்பது அதுதான். கைபிடிக்குச் சூடாக்கி பூட்டிக்கொள்ளுங்கள். தெருவில் போட்ட உப்பு அடியில் பிடித்திருக்கும். கடலால் வந்ததும் நம் ஆட்கள் எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுகிறார்களே, அதே போலத்தான். ஆனால் பூச்சியத்துக்கு மேலே போகிற ஒரு நாளுக்குக் காத்திருந்து கழுவ வேண்டும்.

தரை உறையுமுன் ஒழுங்கையின் இருபக்கமும் கம்பு நடுவது வழக்கம், விளிம்பும் கல்லும் தெரிய. உறைந்த பிறகு கம்பு இறங்காது. தையில் போய் இறங்குகிறவனுக்கு அந்த வழியும் இல்லை. ஆகவே கொப்பித் தாள் ஒன்றில் நினைவிலிருந்தே கீறிக் கொடுத்திருக்கிறேன்: வாசல், மதகு, தண்ணீர்க் குழாய், காற்று வரும் திசை. இடப்பக்கம் மூன்றாவது மரத்தடியில் ஒரு வட்டம் போட்டு "கல்" என்று எழுதியிருக்கிறேன்.