முன்னிடைச்சொல் மாறினால் பொருளும் மாறும்: ஆங்கிலம் பழகுவோருக்கு ஒரு பயிற்சி

“ஹி த்ரூ த பால் டு மீ.”
“ஹி த்ரூ த பால் அட் மீ.”

இரண்டிலும் அதே ஆள், அதே பந்து. முதல் வாக்கியத்தில் நான் பிடிக்கட்டும் என்று போடுகிறான். இரண்டாவதில் என் மேல் படட்டும் என்று எறிகிறான். ‘டு’ இருந்த இடத்தில் ‘அட்’ வந்ததும் விளையாட்டு சண்டையாகிவிட்டது.

இந்தச் சின்னச் சொற்களைத்தான் ப்ரிபொசிஷன், அதாவது முன்னிடைச்சொல் என்கிறோம். தமிழில் இந்த வேலையை வேற்றுமை உருபுகளும் ‘மேல்’, ‘வரை’ போன்ற சொற்களும் பெயருக்குப் பின்னால் நின்று செய்கின்றன. முன்னா பின்னா என்பது சீக்கிரம் பழகிவிடும். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாததுதான் தொல்லை. பெட்டியில், சுவரில், வாசலில் என்று மூன்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் பெட்டிக்கு ‘இன்’, சுவருக்கு ‘ஆன்’, வாசலுக்கு ‘அட்’. அதனால் “‘இல்’லுக்கு இங்கிலீஷில் என்ன?” என்று கேட்டுப் படிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

படி 1: ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள்

நோட்டில் ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அதன் கீழேயே முன்னிடைச்சொல்லை மட்டும் மாற்றி மறுபடி எழுதுங்கள்.

ஹி ஷௌட்டட் டு மீ.
ஹி ஷௌட்டட் அட் மீ.

படி 2: இரண்டுக்கும் முழுத் தமிழ் வாக்கியம் எழுதுங்கள்

சொல்லுக்குச் சொல் வேண்டாம். நடந்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள்.

‘டு’: தூரத்தில் இருந்த எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான்.
‘அட்’: என்னைப் பார்த்துக் கோபமாகக் கத்தினான்.

தமிழில் வினைச்சொல்லே மாறிவிட்டது பாருங்கள். ஆங்கிலத்தில் வினை அப்படியே இருக்கிறது. நாம் வினையிலும் ‘கோபமாக’ போன்ற அடையிலும் காட்டும் வேறுபாட்டை ஒரு முன்னிடைச்சொல்லே சுமக்கிறது. என்னைக் கேட்டால், முன்னிடைச்சொல் பாடத்தில் முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

அதற்காக ‘அட்’ என்றாலே கோபம் என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். “ஷி ஸ்மைல்ட் அட் மீ” என்றால் என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள், அவ்வளவுதான். ‘அட்’ ஒருவரைக் குறியாக்குகிறது, ‘டு’ பெறுபவராக்குகிறது. குறியை நோக்கிப் போவது கல்லா, புன்னகையா என்பதை வினை சொல்லும்.

படி 3: காலத்தைச் சொல்லும்போது நின்று யோசியுங்கள்

அலுவலக மெயில்களில் அதிகம் குழப்புவது இந்த ஜோடி:

ஐ வில் பி ஹியர் பை ஃப்ரைடே.
ஐ வில் பி ஹியர் அன்டில் ஃப்ரைடே.

முதலாமவர் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடுவார். இரண்டாமவர் வெள்ளிக்கிழமை வரை இருப்பார், பிறகு கிளம்பிவிடுவார். கிட்டத்தட்ட நேரெதிர்.

தமிழே இங்கே கைகொடுக்கும். ‘க்குள்’ வருகிற இடத்தில் ‘பை’, ‘வரை’ வருகிற இடத்தில் ‘அன்டில்’. அப்படியும் “ரிப்போர்ட்டை அன்டில் ஃப்ரைடே அனுப்புகிறேன்” என்று ஏன் எழுதிவிடுகிறோம்? “வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு” என்று மனதுக்குள் ஓடுவதால்தான். டைம் நீடிப்பது, அதற்கு ‘அன்டில்’ சரி. அனுப்புவது ஒரு நொடியில் முடிவது. அதற்கு ‘பை’தான் வேண்டும்.

‘ஆன் டைம்’ என்றால் சொன்ன நேரத்துக்குச் சரியாக. ‘இன் டைம்’ என்றால் காரியம் கைமீறும் முன்பே. ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒன்பதுக்கே போனால் ‘ஆன் டைம்’. ரயில் கிளம்புவதற்குள் ஏறிவிட்டால் ‘இன் டைம்’.

படி 4: காரணம் பிடிபடாததை முன்னால் வரும் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்

‘டிபெண்ட் ஆன்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’, ‘குட் அட்’ போன்றவற்றில் காரணம் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஜோடியாகவே மனதில் பதியட்டும். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின்னால் ‘அபௌட்’ வராது. நம் ‘பற்றி’ அதை இழுத்து வந்துவிடும், அடித்துவிடுங்கள்.

‘மேரீட்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. டாக்டரை மணந்தவர் ‘மேரீட் டு அ டாக்டர்’. நாம் ‘உடன்’ என்று நினைத்து ‘வித்’ போட்டுவிடுகிறோம். ஆனால் ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்பது சரியான ஆங்கிலம். மணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு என்று பொருள்.

இன்று நோட்டில் எழுதிப் பார்க்க ஒரு ஜோடி (‘ஹர்ட்’ இங்கே ‘ஹியர்’ என்பதன் இறந்தகாலம்): “ஐ ஹர்ட் ஃப்ரம் ஹிம்”, “ஐ ஹர்ட் ஆஃப் ஹிம்”. ஒருவர் எனக்குப் போனோ கடிதமோ போட்டிருக்கிறார். இன்னொருவர் பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். எது எது என்று தமிழில் முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள்.