மலை ஏற்றத்தில் ஜீப் கொதிக்கிறதா? ரேடியேட்டரை மாற்றும் முன் காற்று வழியைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது மகிந்திரா எம்எம் 540. 2112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக அப்பா வைத்திருந்த வண்டி. தேனி மாவட்டத்துப் போடியிலிருந்து கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதற்கும் மேலே சூரியநெல்லி, அங்கிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமாக ஒரு ஜீப் பாதை. இந்த இன்ஜினில் டீசல், சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறையில்தான் முதலில் பற்றுகிறது. அதனால் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் இறங்குகிற சூடு, இப்போதைய டீசல் இன்ஜின்களைவிட அதிகம்.

ஒரு சித்திரை மாதம், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போகையில் பதினோராவது வளைவில் பானட் இடுக்கில் ஆவி வந்தது. "கோர் போயிருச்சு, மாத்திருங்க" என்றார்கள் ஒரு பட்டறையில். கோர் என்றால் ரேடியேட்டரின் நடுவில் குழாயும் மெல்லிய தகடுமாக இருக்கும் பகுதி. இரண்டு வரிசைக் கோரை எடுத்துவிட்டு மூன்று வரிசைக் கோர் போட்டேன். அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் பதின்மூன்றாவது வளைவில் கொதித்தது. அவ்வளவு காசுக்கும் கிடைத்தது இரண்டு வளைவுதான்.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூண்டு, அதாவது ஃபேன் கவுல், இல்லவே இல்லை. எப்போதோ வாட்டர் பாடி, அதாவது தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப், மாற்றியபோது கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. சமவெளியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்க்காற்றே கோரைக் குளிர வைத்துவிடும். மலையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்றைக் கொண்டுவர ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை. கவுல் இல்லாத ஃபேன் கோர் வழியாகக் காற்றை இழுக்காது. இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டியில் இதைச் சோதிக்க ஒரு தினத்தாள் பக்கம் போதும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, முன்னால் நின்று கிரில் மேல் தாளை வையுங்கள். என் வண்டியில் நடுவில் ஒரு தட்டு அகலத்துக்குத்தான் தாள் ஒட்டியது. நான்கு மூலையும் தொங்கிவிட்டது. கோரில் பாதிக்கு மேல் சும்மா இருந்திருக்கிறது என்று அந்தத் தாள்தான் எனக்குக் காட்டியது.

டிங்கர் கடையில் ஜிஐ தகரத்தில் கவுல் செய்துகொள்ளலாம். கோர் முழுவதையும் மூடும் பெட்டி, நடுவில் ஃபேனுக்கு வட்டம். இறக்கை நுனிக்கும் வட்டத்துக்கும் சுற்றிலும் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும். கரடுமுரடான பாதையில் இன்னும் ஆடும். அதைவிட நெருக்கினால் தகரத்தில் உரசும். இறக்கையின் அகலத்தில் பாதி வட்டத்துக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். முழுக்க உள்ளே போனால் காற்று பின்னால் வெளியேறத் திணறும். கவுல் விளிம்பு கோரில் உட்காரும் இடத்தில் கதவு பீடிங் ரப்பரை ஒட்டினேன். ரேடியேட்டருக்கும் கிரிலுக்கும் இடையில் பக்கவாட்டில் இருந்த இடைவெளியையும் ரப்பர் ஷீட்டால் அடைத்தேன். கிரிலை மறைத்துக்கொண்டிருந்த இரண்டு பெரிய ஹாரன்களை இடம் மாற்றினேன். தாளை மறுபடி வைத்துப் பார்த்தேன்; நான்கு மூலையும் ஒட்டியது. அதே ஆட்கள், அதே ஏற்றம். முள் 92-ஐத் தாண்டவில்லை.

92 என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், இதற்கு நடுவில் டிகிரி எண் போட்ட ஹீட் மீட்டர் வாங்கி மாட்டியிருந்தேன். பச்சை, சிவப்பு மட்டும் இருக்கிற பழைய மீட்டரை நம்பி எந்த வேலையும் தொடங்காதீர்கள். சென்சரைக் கழற்றி ஒயரோடு கொதிக்கும் தண்ணீரில் முக்கி, அதன் உடம்புக்கு ஒரு எர்த் ஒயரும் கொடுத்துப் பாருங்கள். 100-ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ரேடியேட்டர் வாயில் விரலை விட்டால், வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் பொருக்கு கையோடு வரும். அந்தப் பொருக்கு சூட்டை வெளியே விடாது. ஹோஸ்களைக் கழற்றி, தண்ணீரைக் கீழ் வாய் வழியாக ஏற்றி மேல் வாய் வழியாக வெளியே விடுங்கள். இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீரை வடிக்க ஒரு டிரெயின் பிளக் இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. எனக்கு அதைத் திறந்தபோது தண்ணீரே வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகு காபித் தூள் மாதிரித் துருச் சேறு இறங்கியது. தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டு, கூலண்டும் டிஸ்டில்டு தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். உறைபனிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கூட்டும். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், மலை ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்நாடி. கொழுக்குமலை 7,000 அடிக்கு மேல். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். இன்ஜினுக்கு அது சாதாரணச் சூடு. மூடியின் ரப்பர் செத்திருந்தால், இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லாமலே தண்ணீர் கொதித்து வெளியேறும். மூடி தாங்குகிற ஒவ்வொரு பி.எஸ்.ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடும். அதற்காக 7 பி.எஸ்.ஐ ரேடியேட்டரில் 15 மூடியைப் போட்டால் ஈயப் பற்று விட்டுவிடும். ரேடியேட்டர் எதற்குச் செய்ததோ அதே அளவில் புது மூடி வாங்குங்கள். கூடவே ஓவர்ஃப்ளோ பாட்டில் ஒன்று வையுங்கள். குழாய் நுனி பாட்டிலின் அடி வரை, தண்ணீருக்குள் இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி ஆறும்போது வெளியே போன கூலண்டைத் திரும்ப இழுக்கும். மூடியும் அப்படித் திரும்ப இழுக்கும் இரட்டை வால்வு வகையாக இருக்க வேண்டும்.

இன்ஜின் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பைபாஸ் வழியை அடைக்கும் வகை வால்வு என்றால், அதை எடுத்துவிட்ட பிறகு சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். இறக்கத்திலோ இன்ஜின் குளிர்ந்து டீசல் சரியாக எரியாது. 82 டிகிரி வால்வு வாங்கி, நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடேற்றிப் பாருங்கள். திறந்தால் மாட்டுங்கள், திறக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

கீழ் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஸ்பிரிங் உள்ள ஹோஸ் போடுங்கள். ஃபேன் பெல்ட் கட்டை விரலால் அழுத்தினால் 10, 12 மில்லிமீட்டர் இறங்கினால் சரி.

இவ்வளவும் முடித்த பிறகும் முள் ஏறினால் பெரிய ரேடியேட்டரை யோசிக்கலாம். அலுமினியம் எடை குறைவு, நல்லதுதான். ஆனாலும் நான் செம்பு, பித்தளைக் கோரைத்தான் சொல்வேன். கல் அடித்து ஒழுகினால் எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். மாட்டும்போது ரேடியேட்டருக்கு அடியில் கட்டாயம் ரப்பர் கொடுங்கள். பாறையில் ஒரு சக்கரம் ஏறும்போது சேஸிஸ் முறுக்கும். இறுக்கி மாட்டிய ரேடியேட்டரில் அந்த முறுக்கு நேராக ஈயப் பற்றில்தான் விழும். சேற்றில் ஓட்டிய அன்றே, இன்ஜின் பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கோரைக் கழுவிவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் கோரின் மெல்லிய தகடுகளான ஃபின் மடங்கிவிடும்.

எலக்ட்ரிக் ஃபேன் போடுவதானால் முதலில் ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் தருகிறது என்று பாருங்கள். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் இணைக்காதீர்கள். ஆற்றைக் கடப்பவர்களுக்கு அதில் ஒரு வசதி உண்டு, சுவிட்சைத் தட்டி நிறுத்திவிடலாம். பெல்ட் ஃபேன் ஆழத் தண்ணீரில் சுற்றினால் இறக்கை முன்னால் வளைந்து கோரைக் கிழிக்கும். கிரில் மேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இறங்குவதும் அதற்காகத்தான்.

ஏறும்போது லோ கியருக்கு மாற்றுங்கள். மேல் கியரிலேயே இழுத்துக்கொண்டு ஏறினால் ஃபேனும் வாட்டர் பாடியும் மெதுவாகச் சுற்றும், சூடு மட்டும் ஏறும். முள் 105-ஐத் தொட்டால், தண்ணீர் வெளியேறாத வரை இன்ஜினை நிறுத்தாமல், காற்றடிக்கும் பக்கம் வண்டியின் மூஞ்சியைத் திருப்பி, கொஞ்சம் ஆக்சிலேட்டரில் ஓடவிடுங்கள். தண்ணீர் கொட்டிவிட்டது என்றால் உடனே நிறுத்துங்கள். மூடியை அரை மணி நேரமாவது தொடாதீர்கள். கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட் வெடித்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் செய்தும் கொதித்தால், காலையில் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வாயில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கவுலும் கோரும் அதைக் காப்பாற்றாது, ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். குமிழி இல்லையென்றால், வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மீதிக் காற்று வெளியேறும்வரை ஓடவிட்டு, அளவு பார்த்து ஊற்றி மூடுங்கள். முதல் ஏற்றம் முடிந்து வண்டி ஆறியதும் ஸ்குரூ டிரைவர் எடுத்து எல்லா ஹோஸ் கிளிப்பையும் இன்னொரு முறை இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் அமுங்கி அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.