தோட்டத்தில் பொறுமை, சங்கத்தில் அவசரம்: தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில் மொலிசனும் டேவிட் ஹோல்ம்கிரெனும் 1978இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்ட நூலின் வழி அறிமுகமான பெர்மாகல்ச்சர் (இயற்கையின் போக்கைப் பின்பற்றும் நிலைத்த வேளாண்மை), நிலத்துக்கு மட்டுமன்றி மனிதர்கள் கூடி வாழும் முறைக்கும் பொருந்தும் வடிவமைப்பு நெறியாகும். கோலாலம்பூரில் அடுக்குமாடிகளின் கீழே காய்கறித் தோட்டம் போடும் நம்மவர் பலர், மண்ணிடம் காட்டும் பொறுமையை மக்களிடம் காட்டுவதில்லை.

ஹோல்ம்கிரென் 2002இல் விரித்துரைத்த 12 கொள்கைகளில் முதலாவது, உற்றுநோக்கிய பிறகே செயலில் இறங்குவது. நம் தோட்டச் சங்கங்களின் வழக்கமோ செயலவையைத் தேர்ந்தெடுத்து, டி-சட்டை அச்சடித்து, ஞாயிறு காலை எட்டு மணிக்கு கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி) என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) அறிவித்துவிடுவது. இரவுப் பணி முடித்த பாதுகாவலர்கள் அந்நேரத்தில்தான் உறங்கச் செல்கிறார்கள். கோயிலுக்குப் போகும் குடும்பங்களும் வர இயலாது. பிறகு “நம் மக்களுக்கு ஒற்றுமை இல்லை” என்று குறைபடுவதில் நியாயமில்லை. ஏப்ரல் வாக்கிலும் நவம்பர் வாக்கிலும் மழை உச்சம் தொடும் இந்நகரில், ஒரு மழைக்காலமாவது தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துப் பாத்தி அமைப்பவர், யார் எந்நேரம் ஓய்வாக இருக்கிறார் என்பதையும் பார்த்துவைக்கலாம்.

அடுத்த தவறு, எல்லாப் பொறுப்பையும் ஒருவரிடமே குவிப்பது. முக்கியமான எந்தத் தேவையும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் நிறைவேற வேண்டும் என்பது மொலிசன் வலியுறுத்திய விதி. குழாய்ப் பூட்டின் சாவி தலைவரின் சட்டைப்பையில் இருக்க, அவர் திருமணத்துக்காக ஈப்போ சென்றுவிட்டால், இரண்டே நாள் வெயிலில் கீரை நாற்றுகள் சாய்ந்துவிடும். சாவி மூவரிடம் இருக்கட்டும். வங்கிக் கணக்கும் அப்படியே.

நிலத்திலும் சங்கத்திலும் விளிம்பில் கிடப்பவற்றை ஒதுக்குவதும் பரவலான பிழையே. கோலாலம்பூரின் பங்சார் வட்டாரத்தில் 2017இல் தொடங்கிய கெபுன்-கெபுன் பங்சார் தோட்டம், உயரழுத்த மின்கம்பிகளின் கீழ் எவரும் பொருட்படுத்தாத நிலத்தில் உருவானது. சங்கத்தின் விளிம்பில் இருப்பவர்களோ கூட்டத்தில் வாய் திறக்காத இளையோரும், தமிழ் தெரியாத மலாய், சீன அண்டை வீட்டாரும்.

களை பிடுங்கும் கையோடு, கேள்வி கேட்பவரையும் புலனக் குழுவிலிருந்து நீக்கும் தலைவர்கள் உண்டு. பின்னூட்டத்தை ஏற்பதும் அந்த 12 கொள்கைகளுள் ஒன்று என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். விளைச்சல் பெறுவதும் அவற்றுள் ஒன்றே. எனவே, வெண்டைக்காய் முழுவதையும் விற்றுச் சங்க நிதியில் சேர்க்காமல், தண்ணீர் ஊற்றியவர் வீட்டுக்கு முதலில் ஒரு பை கொடுத்தனுப்ப வேண்டும்.