உங்கள் குக்கிராமத்தின் பரப்பையும் மக்கள்தொகையையும் தெரிந்துகொள்வது எப்படி?

சின்ன ஊரைப் பற்றி எழுத உட்காரும் பலரும் தடுமாறும் இடம் இதுதான்: நாம் ஊர் என்று சொல்வதைத் தமிழ்நாட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியாகக் காட்டுவதில்லை, அது காட்டுவது வருவாய்க் கிராமத்தை, அதாவது நிலக் கணக்குக்காக வருவாய்த் துறை வகுத்த, பல சிற்றூர்கள் அடங்கக்கூடிய எல்லையை. அதனால் உங்கள் ஊர் எந்த வருவாய்க் கிராமத்தில் அடங்குகிறது என்று பட்டாவைப் பாருங்கள், இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள்.

அப்புறம் 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டை இணையத்தில் இறக்குங்கள், இலவசம்தான். ஒரு பகுதியில் பரப்பும் பாசன நிலமும் இருக்கும். இன்னொன்றில் வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையிலான குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என எல்லாம் வரிசையாக இருக்கும். பரப்பு ஹெக்டேரில் வரும், 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர். உதாரணமாக, 250 ஹெக்டேரில் 400 பேர் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 160 பேர்.

மேடு பள்ளத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் போதும். அதில் 2 செ.மீ. ஒரு கிலோமீட்டர், சம உயரக் கோடுகள் நெருங்கி வந்தால் அங்கே சரிவு அதிகம்.

குக்கிராமத்துக்கு மட்டும் எண்ணிக்கை வேண்டுமா? வாக்காளர் பட்டியல் ஓரளவு உதவும், ஆனால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் இல்லை. முப்பது நாற்பது வீடுதான் என்றால் நேரில் போய்க் கேட்பதே சரி. எந்த எண்ணை எழுதினாலும் பக்கத்தில் ஆண்டைக் கட்டாயம் போடுங்கள்.