சென்னைப் பள்ளி மாணவர்களைக் கென்னடி விண்வெளி மையத்துக்கு அழைத்துச் செல்வது எப்படி?

அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்துக்கு முதன்முறையாக மாணவர் குழுவை அழைத்துச் செல்லவிருக்கும் ஆசிரியர்களுக்கான வழிமுறை இது. பலரும் பயணத் தேதியை முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு விசாவுக்கு அலைகிறார்கள். விசா வேலையை முதலில் தொடங்கி, அது கைக்கு வரும்வரை உள்ள மாதங்களைப் பாடத்துக்கு ஒதுக்குவதே சரியான வரிசை.

முதல் படி: பாஸ்போர்ட்

சிறுவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளோ 18 வயது நிறையும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும் என்பதால், ஏற்கெனவே வைத்திருப்பவர்களின் காலாவதித் தேதியையும் பாருங்கள். புதிதாக எடுப்பவர்கள் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் விண்ணப்பிக்கலாம்.

நம் ஊரில் சிக்கல் பெரும்பாலும் இனிஷியலில்தான் வருகிறது. பள்ளிப் பதிவேட்டில் ‘எஸ். கார்த்திக்’ என்றிருக்கும் மாணவனின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் கார்த்திக் என்பது குடும்பப்பெயராகி, பெயருக்கான இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். புதிதாக விண்ணப்பிக்கும்போதே தந்தை பெயரை விரித்துக் குடும்பப்பெயராக எழுதிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: விசா, பணம்

ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி டிஎஸ்-160 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவம் வேண்டும். பள்ளியின் போனஃபைடு சான்றிதழ், பயணத்தின் நோக்கத்தைச் சொல்லும் கடிதம், பெற்றோரின் வருமான ஆவணங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் அடுக்கி வைக்கவும். ஜெமினி மேம்பாலம் அருகிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகக்கூடும். எனவே விசா வருமுன் பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்கவே கூடாது. டூர் கட்டணத்தோடு பிடிக்கப்படும் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) தொகையை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம் என்பதால், ரசீதைப் பெற்றோரின் பான் எண்ணிலேயே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: சென்னையிலேயே பாடம்

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் தொடங்கலாம். அதைவிட முக்கியம், சென்னைக்கு வடக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவின் பார்வையாளர் மாடத்தில், முன்பதிவு செய்து, ஒரு ராக்கெட் ஏவுதலையாவது நேரில் காண்பது.

அதன்பின் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுங்கள். நிலநடுக்கோட்டில் பூமியின் சுழற்சி வேகம் நொடிக்கு சுமார் 465 மீட்டர்; அதை அட்சரேகையின் கொசைனால் பெருக்கினால் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு (13.7 பாகை) ஏறத்தாழ 452 மீட்டரும், கென்னடி மையத்துக்கு (28.5 பாகை) ஏறத்தாழ 409 மீட்டரும் வரும். கிழக்கு நோக்கி ஏவப்படும் ராக்கெட்டுக்கு இந்த வேகம் இனாமாகக் கிடைக்கிறது. இரண்டு தளங்களும் கிழக்குக் கடற்கரையில் இருப்பதற்கு இதுவும், கழன்று விழும் பாகங்கள் கடலில் விழ வேண்டும் என்பதும் காரணங்கள். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் இதற்குப் போதும்.

நான்காம் படி: நாட்களைப் பிரித்தல்

மே மாதமே பொருத்தமானது. ஜூன் முதல் தேதி அங்கு புயல் பருவம் தொடங்குகிறது. டிசம்பர் இறுதியிலோ கூட்டமும் கட்டணமும் தாங்காது. மையத்துக்கு இரண்டு முழு நாட்கள் ஒதுக்குங்கள். ஆர்லாண்டோவின் கேளிக்கைப் பூங்காக்களுக்காக அதில் ஒரு நாளை வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

முதல் நாள் அட்லாண்டிஸ் விண்கலம். 1985 முதல் 2011 வரை 33 முறை பறந்த அது, 43.21 பாகை சாய்த்து, சரக்கறைக் கதவுகள் திறந்த நிலையில் நிறுத்தப்பட்டுள்ளது. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற இறங்குமுக எண்ணிக்கைதான் அந்தச் சாய்வு. மாணவர்களை அடிப்பகுதிக்கு அழைத்துச் சென்று, வெப்பம் தாங்கும் கறுப்பு ஓடுகளை வரையச் சொல்லுங்கள். மறுநாள், மனிதர்களை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 வகை ராக்கெட்; படுக்கை வாட்டில் கிடத்தப்பட்டுள்ளது. அதன் நீளம் சுமார் 110 மீட்டர். நம் சந்திரயான்-3ஐ ஏவிய எல்விஎம்3 ராக்கெட்டின் உயரமான 43.5 மீட்டரோடு இதை ஒப்பிடச் சொல்லுங்கள்.

ராக்கெட் ஏவுதலைக் காட்டுவதாக மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்; கடைசி நிமிடத்தில்கூடத் தள்ளிப்போகும்.

ஐந்தாம் படி: புறப்படும் முன்

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பருப்புப்பொடியைச் சுங்க அதிகாரிகளிடம் தெரிவித்து எடுத்துச் செல்லலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. அதில் ஒட்டிவரும் சிறு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பக்கூடியது. புளோரிடாவோ ஆரஞ்சுத் தோட்டங்களின் மாநிலம்.

மே மாதத்தில் அங்கு இரவு 8 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 5.30. அன்றைய செய்தியையும் படங்களையும் அந்த நேரத்தில் ஒரே வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுவதாகப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.