ஒட்டினால் திரும்பாது: நினைவுக் கொலாஜில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காகிதங்களை வைத்து அரூபக் கொலாஜ், அதாவது துண்டுத் தாள்களை ஒட்டி உருவம் காட்டாத படம், செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். பரணில் இருந்து தகரப் பெட்டி இறங்கும். உள்ளே மஞ்சள் மண்டிச் சிட்டை, மில் சம்பளச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, தினசரி காலண்டர் தாள், யாரோ எழுதிய இன்லேண்ட் கடிதம். அன்று சாயங்காலத்துக்குள் பாதியை ஒட்டிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து அட்டை வளைந்து, மை கலங்கி, ஓரத்தில் பூச்சி அரித்து நிற்கும்.

பசை விரலில் ஒட்டுவது, வெட்டு கோணலாவது எல்லாம் நாலு படம் செய்தால் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடலாம். இங்கே சொல்பவை தானாகச் சரியாகாதவை. நினைவையும் காலத்தையும் பற்றிப் படம் செய்கிறோம், ஆனால் ஒட்டி முடித்த பிறகும் காலம் அந்தத் தாளில் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன.

அசலை ஒட்டுவது

இதைச் சொல்லிச் சொல்லியும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வயிறு எரிகிறது.

காங்கயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, அம்மாயி வீட்டு மொய் நோட்டிலிருந்து நான்கு தாள்களைக் கிழித்து ஒட்டினாள். நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு. ஊர், பெயர், தொகை என்று மூன்று கட்டம். நீல மையில் ஐந்து ரூபாய், பதினோரு ரூபாய் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பிளைவுட் பலகையில் தாள் முழுக்கத் தடவி ஒட்டியிருந்தாள். மை ஊறி நீலப் புகை மாதிரி பரவிவிட்டது. அது பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் ஒட்டிய நான்கு தாளுக்கும் பின்பக்கம் உண்டு. அந்த நான்கு பக்கத்திலும் பெயர்கள் இருந்தன. அம்மாயி பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ஏங்கண்ணு, தாராபுரத்துக்காரங்க எவ்வளவு வெச்சாங்கன்னு இனி எங்க போய்ப் பாக்கறது?"

நம் பக்கத்தில் மொய் நோட்டு வெறும் பழைய காகிதம் இல்லை. யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன திருப்பிச் செய்ய வேண்டும் என்று இன்னும் புரட்டிப் பார்க்கிற கணக்கு. ஆவி பிடித்துத் தாளை எடுக்க முயன்றார்கள். தாள் இரண்டாகப் பிளந்தது, மேல்தோல் கையில் வந்தது, எழுத்து பலகையிலேயே தங்கிவிட்டது.

காரணம் எளிது. ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசை காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகிவிடும். மறுபடி தண்ணீர் பட்டால் கொஞ்சம் உப்புமே தவிர, கரைந்து விடாது. அதற்குள் தாளின் நார் அந்தப் படலத்துக்குள் புதைந்திருக்கும். இழுத்தால் பசைக்கு முன்னால் தாள் தோற்கும். ஊற்றுப் பேனா மையோ தண்ணீரில் கரையும் சாயம், பசையின் ஈரமே அதற்குப் போதும். ஈரப் பஞ்சு நுனியை எழுத்தில்லாத ஓரத்து மைப்புள்ளி ஒன்றின் மேல் பத்து விநாடி வைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தத் தாள் பசைப் பக்கமே போகக் கூடாது.

செய்ய வேண்டியது இது. அசலின் இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். நகலை லேசர் பிரிண்டரில் எடுங்கள். அதன் டோனர் சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள் என்பதால் பசை ஈரத்தில் ஊறாது. வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தால் பெரும்பாலும் சாய மை, அது கலங்கும். தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக் கணக்கு) போதும். பழைய தாளின் மங்கல் நிறம் வேண்டுமென்றால், அதே நோட்டின் கடைசியில் எழுதாமல் விட்ட பக்கங்கள் இருக்கும். மடிப்பும் கிழிசலும் இல்லாமல், கையில் ஒடியாமல் இருந்தால், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டு அதிலேயே அச்சிடலாம். வயதும் அதே வயது, தொடும்போதும் அதே தாள்.

நகலில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதுதான் முக்கியமானது. அசல் கையில் இருந்தால் கத்தி தயங்கும். அப்பாருடைய கையெழுத்தின் குறுக்கே வெட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் தாளை முழுசாக, நேராக, நடுவில் ஒட்டுவார்கள். அது கண்காட்சிப் பலகை ஆகுமே தவிர அரூபப் படம் ஆகாது. நகலை நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். 'ரூ' என்ற எழுத்தின் ஒரு வளைவு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வரும். மை அழுந்திய இடம், பேனா தூக்கிய இடம், தாளின் சொரசொரப்பு எல்லாம் தெரியும். அதைக் கிழிக்கலாம், திருப்பலாம், வேண்டாமென்றால் தூக்கிப் போடலாம்.

அசலைத்தான் வைப்பேன் என்றால், மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு மைதாப் பசை. மீதித் தாள் தொங்கட்டும். பத்திரம், பட்டா, பாஸ்புக் எதுவானாலும் அந்த இரண்டு புள்ளிகூடக் கிடையாது.

பசையில் மயில்துத்தம்

பைண்டிங் கடைப் பழக்கம். பூச்சி வராது என்று மயில்துத்தம் என்ற செம்பு உப்பைக் கலப்பார்கள். அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சவே கூடாது. அதோடு, செம்பு உப்பு காகித நார் சிதைவதை வேகப்படுத்தும். பூச்சி தின்ன வேண்டியதை அதுவே தின்றுவிடும்.

மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் பத்து நிமிடம் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி மினுங்கும்போது இறக்கி, ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். தோசை மாவுப் பதம் சரி. ஃபிரிட்ஜில் மூன்று நாள் வரும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். ராமபாணப் பூச்சி மாவைத் தேடித்தான் வருகிறது. அதனால் மெல்லிசாகத் தடவி, ஓரத்தில் பிதுங்கியதை உடனே ஈரத் துணியால் துடைத்துவிடுவதுதான் மருந்து.

பாவு ஊடை பார்க்காமல் ஒட்டுவது

சென்னிமலை, பவானிப் பக்கம் தறி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். துணிக்குப் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) இருப்பதுபோல ஆலைக் காகிதத்துக்கும் திசை உண்டு. எந்திரம் ஓடும் வாக்கில் நார் படுத்திருக்கும். செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு ஓடும். நேராக வருவது நார் வாக்கு.

ஈரம் பட்டால் தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், காய்ந்தால் அதே திசையில் சுருங்கி அடியில் இருக்கும் அட்டையை இழுக்கும். அடித்தாளும் மேல்தாளும் ஒரே வாக்கில் இருந்தால் சேர்ந்து விரிந்து சேர்ந்து சுருங்கும். ஒன்றுக்கொன்று குறுக்கே போட்டால் சுருக்கம் விழும். திசை தெரியாத தாளில் இரண்டு அங்குலச் சதுரம் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். அது குழல் மாதிரி சுருளும், குழலின் நீளவாக்குதான் நார்.

பசை தடவிய உடனே அட்டையில் வைக்காதீர்கள். காலண்டர் தாளுக்கு ஒரு நிமிடம், பேரேட்டுத் தாளுக்கு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். விரிய வேண்டியது மேசையிலேயே விரிந்துவிட்டால் அட்டையில் குமிழ் வராது.

அட்டையின் முதுகை மறப்பது

முன்பக்கம் ஏழு அடுக்கு, பின்பக்கம் மொட்டை. அப்புறம் ஏன் தட்டு மாதிரி குழிந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பின்பக்கமும் அதே கனத்தில் ஒரு தாளையாவது அதே பசையில், அதே நார் வாக்கில் ஒட்டுங்கள். அடுக்கு கூடினால் பின்னாலும் கூட்டுங்கள். அடித்தாளுக்கு 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள் நல்லது, சாம்பல் நிறப் பெட்டி அட்டை வேண்டாம். அதன் அமிலம் மேலே ஏறும்.

ஃபேனுக்கு அடியில் காயவைப்பது

மேல்பக்கம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருளும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஃபேனே தேவையில்லை, திறந்த ஜன்னல் போதும் படத்தைக் கெடுக்க. வெள்ளைத் தாள், படம், வெள்ளைத் தாள், மேலே தட்டையான பலகை, அதன்மேல் இரண்டு செங்கல். அரைமணி கழித்து ஈரத் தாள்களை மாற்றி, ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள், இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பூக்கும்.

பஸ் டிக்கெட்

ஜெர்மன் ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ் தன் கொலாஜ்களில் டிராம் டிக்கெட்டுகளை ஒட்டினார். அவை மையில் அச்சானவை. இன்று கண்டக்டரின் மெஷினில் வருவது மை இல்லாத தெர்மல் தாள், வெளிச்சத்திலும் சூட்டிலும் எழுத்து போய்விடும். நகல் எடுங்கள்.

செய்தித்தாள் அப்படியே இருக்கும் என்று நம்புவது

1912 வாக்கில் பிக்காசோவும் பிராக்கும் என்ற ஓவியர்கள் செய்தித்தாளை ஒட்டிச் செய்த படங்களில் அந்தத் துண்டுகள் இன்று பழுப்பேறி நிற்கின்றன. மரக்கூழில் நீக்காமல் விட்ட லிக்னின் என்ற மரப் பொருள் வெளிச்சம் பட்டு நிறம் மாறுவதுதான் காரணம். சாம்பலும் வெள்ளையுமாக நீங்கள் வைத்த சமநிலை ஐந்து வருடத்தில் தேன் நிறத்துக்குப் போகும். போகட்டும் என்றால், போகும் என்று தெரிந்தே பக்கத்து நிறங்களைத் தேர்ந்தெடுங்கள். வேண்டாம் என்றால் இதற்கும் லேசர் நகல்தான்.

டீத் தண்ணீரில் முக்கிப் பழசாக்குவது

வேண்டாம். பழசாக நடித்த தாள் பக்கத்தில் உண்மையான பழைய தாளை வைத்தால் தெரிந்துவிடும்.

வாசிக்க முடிகிற எழுத்து

கண் படத்தைப் பார்க்கும் முன் எழுத்தைப் படித்துவிடும். 'நிகழும் மங்களகரமான' என்று ஒரு பத்திரிகைத் துண்டு தெரிந்தால் போதும், சுற்றியுள்ள அத்தனை வடிவமும் அதற்குப் பின்னணி ஆகிவிடும். தேதி கிழிக்கும் காலண்டரின் பெரிய எண்களும் அப்படித்தான், சாமி படமும் அப்படித்தான். எழுத்துக்குக் குறுக்கே பட்டையாக வெட்டுங்கள். தாளைத் திருப்பி, பின்பக்கம் மங்கலாகத் தெரியும் நிழலைப் பயன்படுத்துங்கள். அச்சிட்ட தாளைக் கிழிக்கும்போது மேல்நோக்கி இழுக்கும் துண்டில் அச்சு விளிம்புவரை நிற்கும், கீழே அமுக்கிப் பிடித்த துண்டில் வெள்ளை ஓரம் தெரியும். கோவைச் சுவர்களில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டிக் கிழிந்த இடத்தில் அந்த வெள்ளை ஓரங்களைப் பார்க்கலாம். ஒரு வார்த்தையும் வாசிக்க வராது, ஆனால் எத்தனை மாதம் அங்கே அடுக்காகக் கிடக்கிறது என்பது தெரியும்.

நெசவுக்கூடத்தில் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டை (தறிக்கு வடிவம் சொல்லும் ஓட்டை அட்டை) கிடைத்தால் விடாதீர்கள். எழுத்தே இல்லாமல் ஓட்டைகளால் ஒரு பூவையோ கரையையோ நினைவு வைத்திருந்த அட்டை அது. கனமானது, மைதாப் பசை தாங்காது. ஊசியால் துளையிட்டுப் பருத்தி நூலில் தைத்துவிடுங்கள்.